160 கிலோ துணி, 16 டன் காற்று

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தை ஒட்டிப் போனபோது, குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் கத்தோலிக்கக் கோயில் முற்றத்துத் தகரப் பந்தல் கம்பங்களோடு பிடுங்கிக்கொண்டு போனது. தகரங்கள் பக்கத்துத் தென்னந்தோப்பில் கிடந்தன. அன்றைக்கு அவற்றைத் தேடிப் போகும் மனநிலையில் அந்த ஊரில் யாரும் இல்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பியிருக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து அந்த முற்றத்துக்குப் புதிதாகத் துணியில் ஒரு நிழற்கூரை போட வேண்டும் என்று பங்குப் பேரவையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது ஒருவர் தன் போனில் இருந்த பழைய படத்தைக் காட்டினார். பிடுங்கப்பட்ட கம்பம் ஒன்று மணலில் படுத்திருக்கிறது. அதன் அடியில் ஒரு சருவம் அளவுக்குக் கான்கிரீட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்பம் வளையவில்லை, தகரத்தின் போல்ட்டும் விடவில்லை. மொத்தப் பந்தலும் வேரோடு கிளம்பியிருக்கிறது. அந்தப் படத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த எட்டு மாதமும் கணினியில் நான் செய்த வேலை முழுவதும் அந்தச் சருவம் அளவு கான்கிரீட்டுக்குப் பதில் சொல்வதுதான். நம் கடற்கரையில் கூரையைத் தாங்கி நிறுத்துவது சின்ன வேலை. அதைப் பறக்காமல் கட்டிப்போடுவது பெரிய வேலை.

நான் வளைகுடாவில் ஆறு வருடம் ஸ்டீல் டீட்டெய்லிங், அதாவது இரும்புக் கட்டுமானத்துக்குப் பட்டறை வரைபடம் போடும் வேலை, செய்துவிட்டு ஊருக்கு வந்தவன். வந்ததும் எடுத்த முதல் துணிக்கூரை நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தின் முகப்பு. அதில் நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோயில் வேலையில் எடுத்த முக்கியமான முடிவுகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. வரைபடத்தில் கம்பங்கள் எங்கே இருந்தனவோ அதை நம்பித் துணியை வெட்டக் கொடுத்தேன். தளத்தில் ஒரு கம்பம் 6 செ.மீ. தள்ளி நின்றது. துணியை ஏற்றிய அன்றே ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு மடிப்பு விழுந்தது. எவ்வளவு இறுக்கியும் போகவில்லை. முதல் மழையில் அந்தத் தொய்வில் தண்ணீர் தேங்கி, பானை வயிறு மாதிரி தொங்கியது. மூன்று மாதத்தில் கழற்றினோம். துணிக்கூரையில் 6 செ.மீ. என்பது சிறிய பிழை இல்லை என்று எனக்குப் புரிய அவ்வளவு செலவானது.

கோயில் முற்றம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஆறு கம்பங்கள், நீளவாக்கில் பக்கத்துக்கு மூன்று. ஒன்று உயரம், அடுத்தது தாழ்வு, மறுபடி உயரம். எதிர்ப்பக்கம் அதற்கு நேர்மாறாகத் தாழ்வு, உயரம், தாழ்வு. இப்படி மாற்றி மாற்றி நிறுத்தினால் நடுவில் துணி குதிரைச் சேணம் மாதிரி இரண்டு திசையில் எதிரெதிராக வளைகிறது. உயரமான மூலைகளுக்கு இடையே ஓடும் வளைவு தொட்டில் மாதிரித் தொங்கி மழையின் எடையைத் தாங்குகிறது. தாழ்ந்த மூலைகளுக்கு இடையே ஓடும் வளைவு முதுகைத் தூக்கி நின்று, மேலே இழுக்கும் காற்றைக் கீழே பிடித்து வைக்கிறது. தட்டையான துணிக்கு இந்த இரண்டாவது பிடி கிடையாது. பேரவைக் கூட்டத்தில் இதை வாயால் சொல்லி விளங்கவில்லை. அதனால் கட்டுக்கம்பியை அதே வடிவில் வளைத்து, சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காட்டினேன். படலம் தானாகவே அந்தச் சேண வடிவத்துக்குப் போய் நின்றது. இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் வாங்கி வாங்கி முக்கிப் பார்த்தார்கள்.

சோப்புப் படலத்தை வைத்துக் கூரையின் வடிவத்தைத் தேடும் வழக்கத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஃப்ரை ஓட்டோ. 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூரைக்கு மாதிரிகளைச் செய்து அளந்தார்கள். அந்த அளவுகளின் துல்லியம் போதாமல், லிங்க்விட்ஸ், ஷெக் ஆகியோர் விசை அடர்த்தி முறை என்ற கணக்கை உருவாக்கினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் தேடும் மென்பொருள்கள் பலவற்றுக்கு அடியில் அந்தக் கணக்கோ அதன் உறவினரோ இருக்கிறது. நான் ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில், அதற்குள் இருக்கும் கிராஸ்ஹாப்பரில் ஆறு புள்ளிகளை வைத்து, கங்காரு என்ற செருகுநிரலை வைத்து வலையைத் தளரவிட்டு வடிவத்தை எடுத்தேன். புள்ளியை நகர்த்தினால் துணி, விளிம்புக் கம்பிவடம், கம்பத்தின் சாய்வு எல்லாம் கூடவே நகரும்படி இணைத்து வைத்தேன்.

இதைப் புதிதாகச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கங்காருவில் அழகாக நிற்கும் வடிவம் சமநிலையில் உள்ள ஒரு வடிவம், அவ்வளவுதான். அதில் நீங்கள் கொடுக்கும் எண்ணுக்கு அலகு இருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். காற்று அடித்தால் என்ன ஆகும் என்பதை அது தானாகச் சொல்லாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

நான் முதலில் காகிதத்தில்தான் கேட்டேன். காற்றுச் சுமைக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் 2015 பதிப்பில் நம் பகுதிக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். கடலுக்கு நேர் எதிரே எந்த மறைப்பும் இல்லாத இடம் என்பதால் 1.05ஆல் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 41 மீட்டர், அதாவது மணிக்கு 147 கிலோமீட்டர். வேகத்தின் இருமடியை 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் வரும்: சதுர மீட்டருக்கு 1000 நியூட்டனுக்குச் சற்று மேல், நம் பேச்சில் 100 கிலோ. விளிம்பு வளைவுகள் போக எங்கள் துணியின் பரப்பு 160 சதுர மீட்டர். மேல்நோக்கிய குணகத்தை, அதாவது அந்த அழுத்தத்தில் எத்தனை பங்கு கூரையை மேலே இழுக்கிறது என்பதை, 1 என்று வைத்தாலே 16 டன் கூரையை வானத்துக்கு இழுக்கிறது. பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் துணி சதுர மீட்டருக்கு ஒரு கிலோ பக்கம் வரும். ஆக, துணியின் மொத்த எடை 160 கிலோ.

இன்னொன்றும் இருந்தது. முற்றத்தின் ஒரு பக்கம் கோயிலின் முகப்புச் சுவர். கூரைக்கு அடியில் வரும் காற்று அந்தச் சுவரில் முட்டி நின்றால், கீழிருந்து தள்ளும் அழுத்தம் கூடும். அடியில் அடைப்பு இருக்கிற கூரைக்கும் இல்லாத கூரைக்கும் விதிநூல் தனித்தனிக் குணகம் தருவது இதனால்தான். திருவிழாவுக்கு மேடை போட்டால் அதுவும் ஒரு அடைப்புதான். நான் அடைப்பு உள்ள கணக்கையே எடுத்தேன்.

கூரைக்கு 160 கிலோ, அதற்கு அடியில் குழி குழியாக 4 கன மீட்டருக்கு மேல் கான்கிரீட்டா என்று பேரவைப் பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி, ஊர்க்காசு அது, மீன் விற்ற பணத்தில் வீடு வீடாகப் பிரித்தது. ஒவ்வொரு கம்பத்துக்கும் இரண்டு கால், அதில் அதிகம் இழுபடும் காலில் 7 டன் மேல்நோக்கி வருகிறது, பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு வைத்தால் பத்தரை டன், கான்கிரீட் கன மீட்டருக்கு 2.4 டன் என்று எழுதிக் காட்டினேன். அப்புறம் அந்தப் பழைய படத்தைக் காட்டினேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

விளிம்பைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. துணியின் ஓரம் உள்ளே வளைந்து போவதால் நிழல் குறைகிறது, நேராக்கித் தாருங்கள் என்றார்கள். ஓரத்தில் ஓடும் கம்பிவடத்தின் இழுவிசை என்பது துணியின் இழுவிசையை வளைவின் ஆரத்தால் பெருக்கியது. கம்பங்களுக்கு இடையே 10 மீட்டர்; ஒரு மீட்டர் உள்வளைவு விட்டால் ஆரம் 13 மீட்டர். துணியில் மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் முன்இழுவை (கட்டும்போதே கொடுத்துவைக்கும் இழுவை) இருந்தால் வடத்தில் 26 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 2.6 டன். உள்வளைவை அரை மீட்டராகக் குறைத்தால் ஆரம் 25 மீட்டரைத் தாண்டி, இழுவிசை 5 டன்னுக்குப் போகிறது. காற்று அடிக்காத சும்மா நாளிலேயே இப்படி. மென்பொருளில் இது ஒரு ஸ்லைடரைத் தள்ளும் வேலை, திரையில் பார்க்க அழகாகவும் இருக்கும். தள்ளுகிற விரலுக்குக் கூடுகிற 2.4 டன் தெரியாது. நிழல் போதாத இடத்தில் இரண்டு வேப்பங்கன்று வைக்கலாம் என்று பங்குத்தந்தை சொல்லி முடித்துவைத்தார்.

துணியின் காற்றுப் பகுப்பாய்வை, துணி கொடுத்த நிறுவனம் தங்கள் மென்பொருளில் செய்தது. துணி வடிவம் மாறினால் விசையும் மாறும் என்பதால் அதைச் சாதாரண நேரியல் கணக்கில் போடக் கூடாது. அவர்கள் தந்த மூலை விசைகளை நான் மேலே சொன்ன கைக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஸ்டாட் புரோ என்ற கட்டமைப்புக் கணக்கு மென்பொருளில் கம்பங்களுக்குக் கொடுத்தேன். கைக்கணக்கு இல்லாமல் இன்னொருவர் மென்பொருள் தரும் எண்ணை வாங்கி அப்படியே ஊட்டுவதை இப்போதும் நான் செய்வதில்லை. கம்பங்களுக்கு இழுகம்பி கட்டினால் செலவு குறையும், ஆனால் அந்த முற்றத்தில் சாயங்காலம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அதனால் ஆறு கம்பங்களையும் இரட்டைக்கால் கம்பங்களாக்கினேன். உள்கால் அமுங்கும், வெளிக்கால் இழுபடும்.

இவ்வளவும் முடிந்து மாதிரியைத் திரையில் காட்டியபோது உபதேசியார் அமைதியாக ஒன்று கேட்டார்: "தம்பி, இதுக்குள்ள தேர் எங்க?"

நான் மனித உருவம் வைத்திருந்தேன், மரம் வைத்திருந்தேன், தேர் வைக்கவில்லை. திருவிழாவின் கடைசி நாள் தேர்ப்பவனி அந்த முற்றத்தின் வழியாகத்தான் வெளியே வரும். அன்றே தேர்க்கொட்டகைக்குப் போய் டேப் வைத்து அளந்தோம். மேல் கிரீடமும் சீரியல் விளக்கு வளையமும் சேர்த்து 4.75 மீட்டர். என் மாதிரியில் தாழ்ந்த மூலை 3.5, உயர்ந்த மூலை 6.5. நடுவில் போனால் தப்பிக்கும், கூட்டத்தில் ஒரு பக்கம் ஒதுங்கினால் துணியில் உரசும். உயர்ந்த மூலையை அப்படியே விட்டுவிட்டுத் தாழ்ந்ததை மட்டும் தூக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த 3 மீட்டர் வித்தியாசம்தான் துணிக்கு வளைவைத் தருகிறது, வளைவுதான் காற்றுக்கு எதிரான பிடி. இரண்டையும் 70 செ.மீ. தூக்கி 4.2, 7.2 ஆக்கினோம். அடித்தளம் கொஞ்சம் பெருத்தது. தேரின் மாதிரியையும் கோப்புக்குள் ஏற்றி, கோயில் வாசலிலிருந்து தெருமுனை வரை நகர்த்திப் பார்த்தேன். இன்று எந்த வேலை எடுத்தாலும் முதல் நாள் நான் கேட்பது, இதற்கு அடியில் வருடத்தில் ஒரு நாளாவது போகிற மிக உயரமான பொருள் எது என்பதுதான்.

குழி தோண்டும்போது மூன்றாவது கம்பத்தின் இடத்தில் மூடிய பழைய கிணற்றின் கல்வளையம் வந்தது. கம்பத்தை 40 செ.மீ. நகர்த்த வேண்டியிருந்தது. கிராஸ்ஹாப்பரில் ஒரு புள்ளியை மாற்றினேன், துணியும் வடமும் சாய்வும் புதிய இடத்துக்குப் போய் உட்கார்ந்தன. விசைகளை மறுபடி சரிபார்க்க ஒரு நாள் ஆனது, அவ்வளவே. துணி அப்போது வெட்டப்படாமல் இருந்தது. வெட்டும் தேதியைத் தள்ளிப்போட முடியாது என்று நிறுவனத்தில் இருந்து இரண்டு முறை போன் வந்தும் நான் விடவில்லை. கான்கிரீட் இறுகி, அடித்தட்டுகள் உட்கார்ந்த பிறகு டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை வைத்து ஆறு இடத்தையும் அளந்தோம். 8 முதல் 22 மி.மீ. வரை விலகல் இருந்தது. அந்த உண்மையான புள்ளிகளை மாதிரியில் கொடுத்து மறுபடி வடிவம் எடுத்து, அதிலிருந்துதான் வெட்டுத்துண்டுகளைப் பிரித்தோம்.

வெட்டுத்துண்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏற்றி இழுக்கும்போது துணி நீளும் என்பதால் அதைச் சிறியதாகத்தான் வெட்ட வேண்டும். தறியில் பாவு நூல் நேராக இழுபட்டு நிற்கும், ஊடுநூல் வளைந்து வளைந்து போகும். அதனால் ஊடு வாக்கில் துணி அதிகம் நீளும். எங்களுக்கு வந்த துணிச்சுருளின் சோதனை அறிக்கைப்படி பாவு வாக்கில் 0.4 விழுக்காடும் ஊடு வாக்கில் 1.6 விழுக்காடும் குறைத்தோம். 10 மீட்டருக்கு 16 செ.மீ.! நாகர்கோவிலில் 6 செ.மீ.க்கு மடிப்பு விழுந்தது நினைவிருக்கிறதா? ஆகவே பொது எண்ணை நம்பாமல் உங்கள் கைக்கு வந்த சுருளின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

பட்டறை வேலை நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்துத் தொழிற்பேட்டையில் நடந்தது. கம்பத்தின் தலையில் இரண்டு வடமும் துணி மூலையும் வந்து சேரும் மூன்று தட்டுகள். ஒவ்வொரு தட்டும் அதனதன் வடம் இழுக்கும் திசைக்கு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் வடம் தட்டை வளைத்துக்கொண்டே இருக்கும், வெல்டிங் ஒரு நாள் விரிசல் விடும். மாதிரியில் விசையின் திசையை எடுத்து அதிலிருந்தே தட்டை வரைந்திருந்தேன். வரைபடத்தில் 37.42 டிகிரி, 61.08 டிகிரி என்று எழுதி அனுப்பினேன். முப்பது வருடம் ஃபிட்டர் வேலை செய்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த டிகிரியை நான் எதை வச்சுப் பிடிக்க? டேப்பு வச்சு அளக்கிற மாதிரி எழுதித் தாரும்" என்றார்.

அவர் சொன்னது முழுச்சரி. கோணத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தட்டின் ஓட்டைக்கும் கம்பத்தில் பஞ்ச் அடித்த மூன்று புள்ளிகளிலிருந்து மூன்று நீளங்கள் எழுதினேன். மூன்று டேப்பும் ஒரே இடத்தில் சந்தித்தால் தட்டு சரியான இடத்தில் நிற்கிறது என்று பொருள், சந்திக்காவிட்டால் எங்கேயோ பிழை. தற்காலிகமாகப் பிடித்து நிற்க டேக் வெல்ட் அடித்து, மறுபடி அளந்து, பிறகுதான் முழு வெல்டிங். 18 தட்டில் இரண்டை மட்டும் தட்டிப் பிரித்து மறுபடி வைத்தார். முப்பரிமாண வேலை எதுவானாலும் பட்டறைக்கு நீளம் கொடுங்கள்.

பைப்பும் பைப்பும் சேரும் இடத்து மீன்வாய் வெட்டுக்கு, மாதிரியிலிருந்து வெட்டுக்கோட்டை விரித்து முழு அளவில் காகிதத்தில் அச்செடுத்துச் சுற்றி ஒட்டினோம். வெளிவிட்டம் 168.3 மி.மீ., சுற்றளவு 528.7. முதல் அச்சில் காகிதத்தின் இரு முனையும் ஒன்றரை விரல் தள்ளி நின்றன; கடையில் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கி அச்சடித்துவிட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டுவிடுகிறேன். கோட்டை அளந்து பார்த்துவிட்டுத்தான் கத்திரி எடுக்க வேண்டும்.

துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகக் குளியலுக்கு அனுப்பும் பைப்புகளில் காற்றும் துத்தநாகமும் போய்வர ஓட்டை வைத்திருக்கிறதா என்று வரைபடத்திலேயே பாருங்கள். இரு முனையும் அடைத்த பைப்பை 450 டிகிரி உருகிய துத்தநாகத்தில் இறக்கினால், உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடிக்கும். அங்கே நிற்கிற தொழிலாளியின் உயிர் அது. குளியல் தொட்டியின் நீளத்தையும் முன்பே கேட்டுக்கொண்டு கம்பத்தைப் பிரிக்க வேண்டும். திருகி இறுக்கும் டர்ன்பக்கிள், மாட்டிப் பிடிக்கும் ஷேக்கிள் எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ். 304 நம் உப்புக்காற்றில் சீக்கிரமே பழுப்பு நிறக் கறை காட்டிவிடும். ஸ்டெயின்லெஸ் பின் துத்தநாகம் பூசிய தட்டை நேராகத் தொட்டால் துத்தநாகம் அரித்துப் போகும் என்பதால் இடையில் நைலான் புஷ் வைத்தோம்.

துணி ஏற்றியது ஒரு பிப்ரவரி மாதம், காலை ஐந்தரை மணிக்கு. கடற்காற்று எழும்புவதற்குள் ஆறு மூலையும் மாட்டியாக வேண்டும். பாதி மாட்டிய துணிதான் இருப்பதிலேயே ஆபத்தானது, அது வெறும் பாய். கயிறு பிடிக்க ஊர்க்காரர்களே வந்தார்கள். கரைமடி இழுத்த கைகள், யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எட்டரை மணிக்கு மூலைகள் மாட்டியாயிற்று, டர்ன்பக்கிளைத் திருக ஆரம்பித்தோம். பாய்மரக் காலத்தில் கடலுக்குப் போன ஒரு பாட்டா ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து துணியை விரலால் சுண்டிப் பார்த்து, "மக்களே, இன்னும் வலிச்சுக் கட்டு. பாய் தொய்ஞ்சு கெடந்தா காத்து அடிச்சு அடிச்சே கிழிச்சுப் போடும்" என்றார். நாங்கள் வடத்தின் உள்வளைவை அளந்து பார்த்தோம். கணக்கிட்ட இழுவையில் முக்கால் பங்குதான் வந்திருந்தது. பத்து மணிக்கு முழு இழுவையும் வந்தபோது மேலே ஒரு மடிப்பும் இல்லை.

துணி முதல் சில வாரங்களில் நீண்டு கொடுக்கும். ஒரு மாதம் கழித்துப் போய் மறுபடி இறுக்கினோம். அப்போது ஒவ்வொரு டர்ன்பக்கிளிலும் உடலையும் மரையையும் சேர்த்து ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு போட்டுவைத்தேன். திருகு சுழன்றால் கோடு உடைந்து காட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார் எல்லாக் கோடுகளையும் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார். ஆனி, ஆடி என்று இரண்டு காற்றுக்காலம் போய்விட்டது. இந்த மாதப் படத்தில் மூன்றாவது கம்பத்தில், அதுதான் கிணற்றுப்பக்கம் நகர்த்தியது, கோடு ஒரு நூல் விலகியிருக்கிறது. சனிக்கிழமை ஸ்பேனரோடு போகிறேன்.